அருளானந்தம் மாட்டுக்கு ஓட்டம் பழக்கற கதை

நான் இப்ப சொல்லப் போறது நெசமா நடந்தது. சிங்கவரத்து ரங்கநாதர் மேல சத்தியம். சந்தேகம்னா அவரையே போயிக் கேளுங்க. படுத்தவரு எழுந்திருக்க மாட்டாரு, ஆனா படுத்துக்கினே ஆமான்னு சொல்லுவாரு.

அதுக்காவ நான் சொல்றதெல்லாம் சொக்கத் தங்கம்னு ஒரசிப் பாக்க வந்துடாதீங்க. எனக்கு வாயி கொஞ்சம் நீளம். சாண் பாம்ப நான் பாத்தா, சாயங்காலத்துக்குள்ள அது கோட்டை மதில ரெண்டு சுத்து சுத்திடும். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு ‘அ’ எழுதச் சொன்னாரு. நான் அதுக்கு வால இழுத்துக்கினே போயி அடுத்தவன் சிலேட்டுல முடிச்சேன். அன்னிக்கே வெளிய தொரத்திட்டாங்க. அதனால இதுலயும் அங்கங்க இழுத்திருப்பேன். சிரிக்கிற எடத்துல நல்லாவே இழுத்திருப்பேன். அழுவுற எடத்துல இழுக்கல. அங்க இழுக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.

இத்த நான் மொதல்ல சொன்னது செஞ்சியில, திண்டிவனம் ரோட்டுல, சுந்தரமூர்த்தி டீக்கடையில. வெள்ளக்காரன் மூட்டை கட்டிக்கினு போன வருஷம். கடையில மூணு பேரு முக்கியம். ஒருத்தரு கடைக்கார சுந்தரமூர்த்தி, பாலுல தண்ணி கலக்க மாட்டாரு, தண்ணியிலதான் பால் கலப்பாரு. இன்னொருத்தரு பச்சமுத்து அண்ணன், செஞ்சியிலேயே வேகமான வில்வண்டி அவருது. அவரு மாட்டக் குத்தற தார்க்குச்சிய எடுத்தாரோ இல்லியோ, மாடு போன பின்னாடிதான் மாட்டு நெழலு போவும். மூணாவது குஞ்சம்மா அக்கா. கடை வாசல்ல கூடைய வெச்சிக்கினு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விக்கிறவங்க.

அன்னிக்குக் கெழக்கேருந்து ஒரு காலி வண்டி கடகடன்னு வந்துச்சு. மாடு ரெண்டும் நாக்கு தள்ளிக்கினு நாலு கால் பாய்ச்சல்ல வருது. வண்டியில அருளானந்தம் எழுந்து நின்னுக்கினு கயித்தப் புடிச்சிருக்கான். ரோட்டுல இருந்த புழுதி எல்லாம் எழுந்து வந்து சுந்தரமூர்த்தி பால்ல உக்காந்துடுச்சு.

“பாத்தியா இவன. பன்னிய ஏத்தினா ஆமை, காலியா வந்தா பேயி. ஆத்தா வயித்துலேருந்தே தலகீழா வந்தவன்” அப்படின்னாரு பச்சமுத்து அண்ணன்.

கடையே சிரிச்சுது. குஞ்சம்மா அக்கா மட்டும் சிரிக்கல. படிய வெச்சி மல்லாட்டைய அளந்துக்கினே இருந்தாங்க.

“சிரிங்க, நல்லா சிரிச்சி முடிங்க. அப்பாலே நான் ஒண்ணு சொல்றேன்” அப்டின்னு ஆரம்பிச்சேன்.

அருளானந்தம் ஆத்தோரம் மாதாகோயில் தெரு ஆளு. நம்ம ஆத்துக்கு வராக நதின்னு ஒரு பேரு உண்டு, சாமியே பன்னியா வந்ததால வெச்ச பேரு. அந்த ஆத்துத் தண்ணியக் குடிச்சி வளந்தவன் பன்னிய வெறுப்பானா. சுத்துப்பட்டுல பன்னி வளக்கறவங்க நெறைய பேரு. ஆனா பன்னிய உசிரோட கொண்டு போயி திண்டிவனம் ஸ்டேஷன்ல ரயிலேத்தறவன் இவன் ஒருத்தன்தான்.

ஒலகச் சண்டை நடந்த காலம். மெட்ராஸ் பூரா பட்டாளம். பட்டாளத்துக்காரன் ஒருத்தன் காலையில ஒரு பன்னி, மத்தியானம் ஒரு பன்னி, ராத்திரி பசிக்கலன்னு அரைப் பன்னி துண்ணுவான். அதனால வாரா வாரம் பன்னி போவணும்.

மத்தவங்க எப்டி ஏத்துவாங்க தெரியுமா. நாலு காலயும் சேத்துக் கட்டி, கழியில தொங்கவிட்டு, மூட்டை மாதிரி வண்டியில வீசுவாங்க. அது கத்தற கத்தல்ல ராஜகிரிக் கோட்டை உச்சியில இருக்கற பீரங்கியே தானா வெடிச்சிடும். பன்னிக்கு வேர்க்காது. நமக்கு வேர்த்தா ஒடம்பு ஆறிடும், அதுக்கு சூடு உள்ளயே நின்னுக்கும். கத்தி, தெமிறி, வெயில்ல வெந்து, திண்டிவனம் போறதுக்குள்ள பாதி செத்துடும்.

அருளானந்தம் கயிறே எடுக்க மாட்டான். மொதல்ல மாட்ட அவுத்துட்டு வண்டிய பின்னால சாய்ப்பான். வண்டி வாலு தரையில படும், மூக்கு வானத்தப் பாக்கும். அந்தச் சரிவுதான் பன்னி ஏற வழி. பலகை மேல கால் வழுக்காம ஆத்து மணலக் கொட்டி, தண்ணி தெளிச்சி வெப்பான். அப்பாலே பன்னி கிட்டப் போயி, அது மூஞ்சியில ஒரு ஓட்டைக் கூடையக் கவுப்பான். அவ்ளோதான். பன்னி அடியடியா பின்னாலயே நடக்கும். இவன் வாலப் புடிச்சிக்கினு கப்பல் ஓட்டற மாதிரி திருப்புவான். பின்னாலயே நடந்து, பின்னாலயே ஏறி, வண்டிக்குள்ள போயி நின்னுடும். ஒரு சத்தம் வராது. ஒரு தடவ ஒரு பன்னி அப்டியே தூங்கிப் போயி, மெட்ராஸ்லதான் முழிச்சி ‘இது எந்த ஊரு’ன்னு கேட்டுச்சாம்.

“ஏன்டா அது பின்னால போவுது” ன்னு நான் ஒரு நாளு கேட்டேன்.

“மூஞ்சிய மூடினா எதுரே இன்னா இருக்குதுன்னு தெரியாது. வந்த வழி தெரியும். வந்த வழி நல்ல வழிதானேன்னு நெனைக்குது, பாவம்” அப்டின்னான்.

பின்னால ஏறினதால எல்லாப் பன்னியும் வண்டி வாலப் பாத்துக்கினு நிக்கும். வண்டி கெளம்பினா ஊரு பின்னால போறத பாத்துக்கினே போவும். “அதுங்க ஊரப் பாத்துக்கினே போவட்டும். இன்னொரு தடவ பாக்கப் போறதில்ல” அப்டிம்பான்.

ஒரு வீட்டுப் பன்னிய இன்னொரு வீட்டுப் பன்னியோட நிறுத்த மாட்டான், கடிச்சிக்கும். நடுவுல மூங்கில் படல் வெச்சிடுவான். கெளம்பற அன்னிக்கு தீனி போட மாட்டான், வண்டி ஆட்டத்துல வாந்தி எடுக்கும். விடியக்காலையில கோழி கூப்பிடச் சொல்ல கெளம்புவான். உச்சி வெயில்ல வல்லம் ஏரிக்கரைப் புளியமரத்தடியில வண்டிய நிறுத்துவான். தண்ணிய பன்னி தலையில ஊத்த மாட்டான், காலாண்டயும் வயித்தாண்டயும் மணலத்தான் நனைப்பான். வெயிலு தாழ்ந்தாத்தான் மறுபடி ஓட்டுவான். அவன் ஏத்தின பன்னி ஒண்ணு கூட வழியில செத்ததில்ல. இத்த நான் இழுக்கல.

அவன் மாடு நெறத்துல ஒரு செவலை, ஒரு மயிலை. கன்னுக்குட்டியிலேருந்து அதுங்களுக்குத் தெரிஞ்சது பன்னி நடை ஒண்ணுதான். தார்க்குச்சின்னு ஒண்ணு அவன் வீட்டுலயே கெடையாது. அந்த வண்டி போறச்சொல்ல ஒரு நத்தை பின்னால வந்து ‘ஓரம் போ’ன்னு திட்டிட்டு முந்திக்கினு போனத நானே பாத்தேன். வல்லம் புளியமரம் வந்தா அவன் சொல்லவே வேணாம். மாடு ரெண்டும் தானா ஒதுங்கி, தானா நிக்கும். வெயிலு தாழ்ந்தா தானா கெளம்பும்.

அவன் பொண்டாட்டி சவரியம்மா. கருப்பா, குள்ளமா, சிரிச்சா தெருவே வெளிச்சமாவும். புள்ளகுட்டி இல்ல. பன்னி ஏத்தற அன்னிக்கு கூடைய எடுத்துக் குடுக்கறது அவதான். பன்னி காதுப் பின்னால இவன் சொறிஞ்சி விடறதப் பாத்துட்டு, “கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு ஒரு நாளு தல சொறிஞ்சி விட்டிருக்கியா மாமா. நானும் நாலு கால்ல நிக்கிறேன், வரியா” அப்டிம்பா. அவன் வெக்கப்பட்டுக்கினு கூடைய அவன் மூஞ்சியிலயே கவுத்துக்குவான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ரயிலப் பாக்கணும். அவன் வாரா வாரம் பாக்கறான், இவ ஒரு தடவ கூடப் பாத்ததில்ல.

“பன்னியெல்லாம் ரயிலு ஏறுது. நான் பாக்கக் கூடாதா” ன்னு கேப்பா.

“பன்னி நாத்தத்துல நீ எப்டி வருவ. பன்னி இல்லாத ஒரு நாளு வண்டியக் கழுவி, வைக்கோலு போட்டு, ராணி மாதிரி இட்டுக்கினு போறேன்” அப்டிம்பான்.

பன்னி இல்லாத நாளும் வந்துச்சு.

ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸ் ஜனமெல்லாம் ஓடி வந்துச்சே, அதுக்கு மறுவருஷம். சீத்தாப்பழ சீசன். ராணிக்கோட்டை மலைச் சரிவுல பொம்பளைங்க விடியறதுக்குள்ள ஏறிடுவாங்க. சவரியம்மாவும் போனா. பாறை மேல கால வெச்சி எட்டிப் பறிக்கச் சொல்ல வழுக்கிட்டா. ரெண்டு ஆளு ஒயரம் இருக்கும். இன்னொரு பாறை மேல வயிறு படற மாதிரி விழுந்துட்டா.

நாங்க நாலு பேரு ஏறி, புடவையில தூளி கட்டிக் கொண்ணாந்தோம். வெளிய ஒரு கீறல் இல்ல. மடியில இருந்த பழத்துல கூட ரெண்டு நசுங்காம இருந்துச்சு. “ஒண்ணியும் இல்ல மாமா, மூச்சு மட்டும் புடிக்குது” ன்னா. ஆனா வயிறு கொஞ்சம் கொஞ்சமா கல்லு மாதிரி ஆயிக்கினே வந்துச்சு. கம்பவுண்டரு வந்து தொட்டுப் பாத்துட்டு, “இது என் கையில இல்ல. திண்டிவனம் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க” ன்னுட்டாரு.

பஸ்ஸு அப்ப கரி போட்டு ஓடற பஸ்ஸு. அன்னிக்கு அது வரவே இல்ல. எங்கியோ மேட்டுல நின்னுடுச்சாம்.

இந்த எடத்துல நான் டீய ஒரு வாயி குடிச்சேன். குடிச்சிட்டு, பச்சமுத்து அண்ணன் மூஞ்சியப் பாக்காம, டம்ளரப் பாத்துக்கினே சொன்னேன்.

“அப்பத்தான் நம்ம அண்ணன் வந்தாரு. ‘என் வில்வண்டிய எடுத்துக்கோ அருளானந்தம். என் மாடு உச்சிக்கு முன்னாடி திண்டிவனத்துல நிக்கும்’ அப்டின்னாரு. அருளானந்தம்தான் வேணான்னுட்டான். ‘நீங்க அடிச்சி ஓட்டறவரு, அவ ஒடம்பு தாங்காது’ ன்னுட்டான்.”

பச்சமுத்து அண்ணன் மீசையத் தடவிக்கினு தலைய ஆட்டினாரு. குஞ்சம்மா அக்கா படிய அளக்கறத நிறுத்திட்டாங்க. படியில மல்லாட்டை பாதியில நிக்குது. என்னியே பாத்தாங்க. நான் நிக்காம மேல போயிட்டேன்.

அருளானந்தம் அவன் வண்டியையே பூட்டினான். பன்னிக்கு எப்டியோ அப்டியே. வண்டிய சாய்ச்சி, மணலு கொட்டி, நனைச்சி, மேல வைக்கோலு, அதுக்கு மேல ஈரச் சாக்கு. மேல ஓலைப் பாய வளைச்சிக் கட்டினான். அவள ரெண்டு கையாலயும் தூக்கி ஏத்தினான். மூஞ்சி பின்னால பாக்கற மாதிரி, தலைக்கு மூட்டை வெச்சி சாய்ச்சிப் படுக்க வெச்சான். அவனுக்கு வேற மாதிரி ஏத்தத் தெரியாது.

நான் மாட்டுக்கு முன்னால நடந்தேன், ரோட்டுல கெடக்கற கல்ல பொறுக்கிப் போட்டுக்கினே. ஒரு கல்லு தவறினா சக்கரம் ஏறும், ஏறினா அவ ‘அம்மா’ம்பா. அவ ‘அம்மா’ன்னா இவன் கயித்த இழுத்து மாட்ட இன்னும் மெதுவாக்குவான். மெதுவானா நேரம் போவும். நேரம் போவுதேன்னு கயித்த விடுவான், மறுபடி ஒரு கல்லு.

அவளுக்கு பின்னால கோட்டை மலை தெரியுது.

“மலை இன்னும் பெருசாவே இருக்குதே மாமா” ன்னா.

“சின்னதாவும். பேசாத, மூச்சு வாங்கும்.”

கொஞ்ச தூரம் போயி, “இன்னும் அப்டியேதான் இருக்குது” ன்னா.

அவன் மாட்டு முதுகையே பாத்துக்கினு இருந்தான்.

வல்லம் ஏரிக்கரை வந்துச்சு. உச்சி வெயிலு. மாடு ரெண்டும் நேரா ஒதுங்கி, புளியமரத்து நெழலுல போயி நின்னுக்கிச்சு.

“ஹை, ஹை. இன்னிக்கு நிக்கக் கூடாதுடா” ன்னான். நிக்குது. கயித்த ஒதறினான். நிக்குது. எறங்கி வந்து கன்னத்தத் தட்டி, “சாமி, என் ராசா, இன்னிக்கு பன்னி இல்லடா” ன்னு கெஞ்சினான். செவலை அவன் கைய நக்குச்சு. அவன் வாழ்க்கையிலயே மொத தடவ துண்ட முறுக்கி அதும் முதுகுல அடிச்சான். மாடு திரும்பி அவனப் பாத்துச்சு பாருங்க. வலியில பாக்கல. இன்னா கேக்கறன்னு புரியாம பாத்துச்சு. ஓடுன்னா இன்னான்னு அதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா. அவன்தான் ஒரு நாளும் சொல்லிக் குடுக்கலியே.

வண்டியிலேருந்து சவரியம்மா மெதுவா சொன்னா. “அடிக்காத மாமா. நீ பழக்கினதத்தானே அதுங்க செய்யுது.”

அவன் துண்டக் கீழ போட்டுட்டு, நொகத்தடியில ரெண்டு மாட்டுக்கும் நடுவுல போயி நின்னு, தோளக் குடுத்து இழுத்தான். நான் சக்கரத்தத் தள்ளினேன். அவன் இழுக்கறதப் பாத்துட்டு மாடும் சரி போவலாம்னு நடந்துச்சு. தீவனூர் தாண்டற வரைக்கும் அவன் வண்டியில ஏறவே இல்ல. மூணாவது மாடு மாதிரி வந்தான். மாட்டுக்காவது கொம்பு இருக்குது, இவனுக்கு அது கூட இல்லன்னு நான் சொன்னேன், சிரிப்பானோன்னு. அவளுக்குத்தான் லேசா ஒதடு அசைஞ்சுது.

திண்டிவனம் கிட்ட வரச்சொல்ல ரயிலு ஊதுச்சு.

“ரயிலா” ன்னு கேட்டா.

“ரயிலுதான். திரும்பி வரச்சொல்ல காட்டறேன்.”

“மலை போயிடுச்சு மாமா. தெரியல இப்ப.”

அவனுக்கு சந்தோஷம் தாங்கல. “அப்ப வந்துட்டோம்னு அர்த்தம் புள்ள. வந்துட்டோம்” ன்னான். நானும் திரும்பி மலையப் பாத்தேன். கட்டை வெரலு அளவுக்கு, தெளிவா தெரிஞ்சுது. நான் குனிஞ்சி அடுத்த கல்லப் பொறுக்கினேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல நர்சம்மா வந்து அவ கண்ண விரிச்சிப் பாத்து, கையப் புடிச்சிப் பாத்து, மெதுவா கீழ வெச்சாங்க. “உள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்குது. கொஞ்சம் முன்னாடி கொண்ணாந்திருந்தா பாத்திருக்கலாம்” ன்னாங்க. பக்கத்துல ஸ்டெச்சரு தூக்கற பெரியவரு, “முன்னாடி வரணும்னு இந்த ரோட்டுல முடுக்கியிருந்தா, பாதி வழியிலயே முடிஞ்சிருக்கும்மா” ன்னாரு. ரெண்டு பேரும் சொன்னாங்க. அருளானந்தம் காதுல மொத பேச்சு மட்டும்தான் ஏறுச்சு.

திரும்பி வரச்சொல்ல அவள மாத்திப் படுக்க வெச்சான், மூஞ்சி முன்னால பாக்கற மாதிரி. “ஊரப் பாத்துக்கினே வரட்டும்” ன்னான். மலை கொஞ்சம் கொஞ்சமா பெருசாயிக்கினே வந்துச்சு. வல்லத்துல மாடு மறுபடி நின்னுச்சு. இந்தத் தடவ அவன் அதுங்களா கெளம்பற வரைக்கும் பக்கத்துல உக்காந்து அவ தலையச் சொறிஞ்சி விட்டுக்கினு இருந்தான்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் கூடையத் தொடல. அப்பாலே வயிறு விடுமா, மறுபடி பன்னி ஏத்த ஆரம்பிச்சான். போறச்சொல்ல அதே நடை, அதே மணலு, அதே புளியமரம். பன்னிக்கு ஒரு கொறை வெக்கல. திரும்பி வரச்சொல்லத்தான் வேற ஆளு. ஸ்டேஷன்ல பன்னிய எறக்கிட்டு, நேரா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவான். அங்கேருந்து மாட்ட ஓட்டிக்கினு வருவான். மொதல்ல மாட்டுக்கு ஓடத் தெரியல. இவன் கயித்தப் புடிச்சிக்கினு முன்னால ஓடினான். பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு ஊரே சொல்லுச்சு. இவன் ஓட ஓட, பின்னால வந்த மாடும் ஒரு நாளு ஓடிடுச்சு. வல்லம் புளியமரத்தாண்ட நிக்காம ஓடறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

“இப்ப பாத்தீங்களே, அது அந்த ஓட்டம்தான். மாட்டுக்கு ஓட்டம் பழக்கறான். எதுக்குன்னு கேட்டேன் ஒரு நாளு. ‘தேவைப்பட்டா ஓடணும்ல’ ன்னான். இனிமே யாருடா இருக்கா உனக்குன்னு கேக்க எனக்கு வாய் வரல” அப்டின்னு முடிச்சேன்.

சுந்தரமூர்த்தி பால்ல விழுந்த புழுதிய கரண்டியால எடுத்துக்கினே பெருமூச்சு விட்டாரு.

“பாவம். அண்ணன் வண்டிய மட்டும் எடுத்திருந்தான்னா பொழைச்சிருப்பா.”

“அதான் நான் அன்னிக்கே தலப்பாடா அடிச்சிக்கினேன்” ன்னாரு பச்சமுத்து அண்ணன். “கேட்டானா. விதி.”

குஞ்சம்மா அக்கா படிய ‘ணங்’குன்னு தரையில வெச்சாங்க.

“நீ எப்ப அடிச்சிக்கின? எங்க நின்னு அடிச்சிக்கின?”

“இன்னாம்மா இது, இப்பத்தானே அவன் சொன்னான்.”

“அவன் வாயி ஊருக்கே தெரியும். உன் வாசலுக்கு வந்து நின்னது அருளானந்தம். பின்னால நின்னது நானு. ‘நெல்லு மூட்டை ஏத்தியாச்சு, இப்ப எறக்க முடியாது’ ன்னு உள்ளேருந்தே சொன்ன. உன் வண்டியில அன்னிக்கு ஒரு வைக்கோலு தும்பு கூட இல்ல. நான் எட்டிப் பாத்தேன்.”

“ஏத்தத்தான் போனேன் நெல்லு. மதியம் ஏத்தினேன்.”

“ஏன் பச்சமுத்து, பன்னிக்காரன் பொண்டாட்டி படுத்தா வண்டி தீட்டாயிடும்னு சொல்றதுக்கு நெல்லு ஒரு சாக்கா?”

“இந்தா, வார்த்தைய அளந்து பேசு. நான் அப்டி சொல்லல. என் வண்டி போயிருந்தாலும் அந்தக் குலுக்கல்ல அவ வல்லத்துலயே போயிருப்பா. பெரியவரு சொன்னாருல்ல ஆஸ்பத்திரியில.”

“பாத்தியா. இப்ப உன் வண்டி குலுக்குது. ஒரு நிமிஷம் முன்னாடி பறந்துச்சு.”

சுந்தரமூர்த்தி நடுவுல பூந்தாரு. “குலுக்கினாலும் போயிருக்கணும்கா. ஒரு வழியிலயாவது…”

“நீ பாலப் பாரு” ன்னு ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னாங்க. பெஞ்சியில இருந்த ஒருத்தன் வேகமா போயிருந்தா பொழைச்சிருப்பா அப்டின்னான், இன்னொருத்தன் மெதுவா போனதாலதான் அவ்ளோ தூரம் தாங்கினா அப்டின்னான். ஒடனே அவங்க ரெண்டு பேரும் துண்ட ஒதறிக்கினு எழுந்தாங்க. எவன் கால் பட்டுச்சோ தெரியல, மல்லாட்டைக் கூடை கவுந்து ரோடு பூரா உருளுது.

நான் நைஸா எழுந்து நழுவப் பாத்தேன். பச்சமுத்து அண்ணன் என் தோள்ல கெடந்த துண்டப் புடிச்சிட்டாரு.

“டேய், நீ சொல்றா. நான் வண்டி குடுக்கறேன்னு சொன்னனா இல்லியா?”

இந்தப் பக்கம் குஞ்சம்மா அக்கா என் கையப் புடிச்சாங்க.

“சொல்லுடா. இந்த ஒண்ண மட்டும் இழுக்காம சொல்லு.”